அப்பா சொன்ன விலை

"இதைத் தேய்ச்சது யாரும்மா?"

கடைக்காரர் கேட்டதும் அம்மா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தாள். தேய்த்தது அவள்தான். ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் முதல் நாள் குத்துவிளக்கோடு சேர்த்து அப்பாவின் துப்பாக்கிக்கும் புளியும் பாத்திரம் துலக்கும் பொடியும் போட்டு ஒரு தேய் தேய்ப்பாள். மறுநாள் மண்வெட்டி, அரிவாள், மோட்டார் பம்புக்கு நடுவில் அது சந்தனம் குங்குமத்தோடு பளபளவென்று படுத்திருக்கும்.

"சேகரிக்கிறவங்க பழசைப் பழசாத்தான் கேப்பாங்க. இந்தப் பக்கத்துல பூ வேலைப்பாடு இருந்திருக்கு. தேய்ச்சுத் தேய்ச்சு மொழுக்குன்னு ஆக்கிட்டீங்க. இதுலயே பாதி விலை போச்சு" என்றார் அவர்.

மதுரையில் ஒரு துப்பாக்கிக் கடை. 2022-ல் ஒரு புதன்கிழமை. பேரம் இப்படித்தான் தொடங்கியது. நாங்கள் இன்னும் விலையே சொல்லவில்லை. அதற்குள் பாதி போய்விட்டது.

எங்கள் ஊர் தேனிப் பக்கம், மேகமலை அடிவாரம். தாத்தா காலத்தில் மலைமேல் எஸ்டேட்டில் இருந்த வெள்ளைக்கார துரை ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது, சாமான்களை விற்றுவிட்டுப் போயிருக்கிறார். தாத்தா வாங்கியது இந்த இரட்டைக் குழல் துப்பாக்கி. லைசென்ஸ் பாஷையில் 'டி.பி.பி.எல். 12 போர்'. தாத்தாவுக்குப் பிறகு அப்பா பெயருக்கு மாறியது. காட்டுப்பன்றி தோட்டத்தில் இறங்கும் நாளில் அப்பா வானத்தைப் பார்த்து ஒரு வெடி வெடிப்பார். அவ்வளவுதான் அதன் உத்தியோகம். மற்றபடி வீட்டுக்கு யார் வந்தாலும் எடுத்துக் காட்டி, "லண்டன் துப்பாக்கி. இன்னிக்கு வித்தாலும் லட்ச ரூபா பெறும்" என்பார். இரண்டு குழல்களுக்கும் நடுவில் ஓடும் பட்டையில் 'லண்டன்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கும். அதைத் தடவிக் காட்டுவார்.

அம்மாவுக்கு அந்தத் துப்பாக்கியைக் கண்டாலே ஆகாது. தேய்ப்பாள், பொட்டு வைப்பாள். ஆனால் ஆகாது. காரணம் நான்தான்.

1996-ல் எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பணம் கட்டப் பதினெட்டாயிரம் ரூபாய் குறைந்தது. அப்பா துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு மதுரைக்குப் போனார். விற்றுவிட்டு வருவார் என்று நாங்கள் காத்திருந்தோம். ராத்திரி கடைசி பஸ்ஸில் துப்பாக்கியோடு திரும்பி வந்தார்.

"பதினெட்டாயிரம் தர்றேன்னு கடைக்காரன் கெஞ்சுறான். எங்கப்பா வச்சிருந்த பொருளு, எனக்கு மனசு வரல" என்றார்.

அம்மா ஒரு வார்த்தை பேசவில்லை. மறுநாள் காலையில் ஆறு பவுன் வளையல்களைக் கழற்றிக் கொடுத்தாள். அவளுடைய அம்மா போட்டது. அடகுக்குப் போன வளையல் திரும்பவில்லை. மூன்று வருடம் வட்டி கட்டி, பிறகு அதுவும் முடியாமல் ஏலத்துக்குப் போனது. நான் படித்து, வேலைக்குப் போய், அம்மாவுக்கு வேறு வளையல் வாங்கிக் கொடுத்தேன். போட்டுக்கொண்டாள். ஆனால் சண்டை என்று வந்துவிட்டால் கடைசியில் அந்த வாக்கியம் வரும். "பொண்ணு படிப்பை விட இரும்பு பெருசாப் போச்சு உங்களுக்கு." அப்பா துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவார்.

2021 சட்டமன்றத் தேர்தலின்போது, வழக்கம்போல அப்பா துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்தார். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்குத் தேர்தல் என்றாலே இந்த வேலை ஒன்று உண்டு. தேர்தல் முடிந்து திரும்ப வாங்குவதற்குள் கொரோனாவின் இரண்டாம் அலை வந்தது. மே மாதம் அப்பா போய்விட்டார். துப்பாக்கி ஸ்டேஷனிலேயே தங்கிவிட்டது.

வீட்டில் இப்படி ஒரு பழைய துப்பாக்கி இருப்பவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். லைசென்ஸ் வைத்திருந்தவர் இறந்துவிட்டால், அது அலமாரியில் சும்மா இருக்கக்கூட அனுமதி இல்லை. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்கவேண்டும். வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்டு விண்ணப்பிக்கலாம். வேண்டாம் என்றால், வைத்திருக்கத் தகுதி உள்ளவருக்கு விற்கலாம். அதற்குக் கெடு உண்டு. கெடு தாண்டினால் அரசாங்கத்துக்குப் போய்விடும்.

தம்பி கோவையில் இருக்கிறான். அவனுக்கு அது வேண்டாம். எனக்கும் வேண்டாம். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், ஆட்சேபணை இல்லை என்ற கடிதங்கள் என்று எட்டு மாதம் அலைந்து விற்க அனுமதி வாங்கினோம். துப்பாக்கி ஸ்டேஷனிலிருந்து மதுரைக் கடைக்கு முறைப்படி மாற்றப்பட்டது. விலை பேச வரச்சொன்னார் கடைக்காரர்.

"நான் பேசிக்கிறேன். நீ வாயைத் திறக்காதே" என்று பஸ்ஸிலேயே சொல்லிவிட்டாள் அம்மா.

அவள் பேரம் எங்கள் தெருவில் பிரசித்தம். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் எங்கள் வீட்டு வாசலை வேகமாகக் கடந்து போவார். புடவைக் கடையில் அவள் பாதி விலைக்குக் கேட்டு, எழுந்து, வாசல் வரை போய், செருப்பையும் மாட்டிக்கொள்வாள். அதற்குள் பின்னாலிருந்து கூப்பிட்டுவிடுவார்கள்.

கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். மரியாதையான மனிதர். எங்களுக்குக் காபி வரவழைத்துவிட்டு, துப்பாக்கியை மடக்கித் திறந்து, முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று உறுதி செய்துகொண்டார். குழலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒரு கண்ணால் பார்த்தார். பிறகு குழலைக் கழற்றி, விரலில் தொங்கவிட்டு, நகத்தால் சுண்டினார். ஒரு மாதிரி 'டொக்' என்றது.

"நல்ல குழல்னா கோயில் மணி மாதிரி கணீர்னு கேக்கணும். இதுல ரெண்டு குழலையும் சேர்த்த பற்று எங்கேயோ விட்டிருக்கு."

அடுத்து உள்பக்கத்துத் துருப்புள்ளிகள். அடுத்து மூட்டில் ஆட்டம். அடுத்து கட்டையில் விரிசல். தாத்தா காலத்தில் பித்தளைக் கம்பி சுற்றி ஒட்டுப்போட்டது. பிறகுதான் அந்தத் தேய்த்த கேள்வி. ஒவ்வொரு குறையையும் குரலை உயர்த்தாமல், டாக்டர் ரிப்போர்ட் படிப்பது மாதிரி சொன்னார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார்ந்த மாதிரி இருந்தது எனக்கு.

"நீங்க எதிர்பார்க்கிறது என்னம்மா?"

"ஒரு லட்சம்" என்றாள் அம்மா. கண் இமைக்கவில்லை.

அவர் சிரிக்கவில்லை. "எட்டாயிரம் தர்றேன்" என்றார்.

லட்சத்துக்கும் எட்டாயிரத்துக்கும் நடுவே ஒரு நிமிடம் காபி ஆறியது.

"தம்பி, இது லண்டன் துப்பாக்கி. எழுதியே இருக்குது பாருங்க."

அவர் மேஜை டிராயரிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். "இங்க வாங்கம்மா. 'லண்டன் ஃபைன் ட்விஸ்ட்'னு இருக்கு. இது ஊர் பேரு இல்ல. குழல் செஞ்ச முறையோட பேரு. இரும்புப் பட்டையை முறுக்கி முறுக்கிச் சுத்தி, காய்ச்சி அடிச்சு ஒட்டிச் செய்யறது. இப்போ இதைப் பாருங்க."

குழலின் அடிப்பக்கத்தில், கட்டை மறைக்கும் இடத்தில், ஒரு சின்ன நீள்வட்டம். அதற்குள் இ.எல்.ஜி. என்று மூன்று எழுத்துகள்.

"இது பெல்ஜியம் முத்திரை. லியேஜ்னு ஒரு ஊர். நம்ம சிவகாசியில பட்டாசு மாதிரி அங்க துப்பாக்கி. அதிக மருந்து போட்டு வெடிச்சுப் பார்த்து, தாங்கினாத்தான் இந்த முத்திரை அடிப்பாங்க. இங்கிலீஷ் துப்பாக்கின்னா லண்டன் முத்திரையோ பர்மிங்காம் முத்திரையோ இருக்கும். அந்தக் காலத்துல பெல்ஜியத்துல மலிவா செஞ்சு, இங்கிலீஷ் பேரு போட்டு உலகம் பூரா அனுப்பினாங்க. துரைமாரும் மலிவு சரக்கு வாங்குவாங்கம்மா."

அம்மா கண்ணாடி வழியே அந்த முத்திரையை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அப்ப லட்ச ரூபாங்கிறது?"

"அது கைத்துப்பாக்கிக் கணக்கு. 1980-கள்ல வெளிநாட்டுத் துப்பாக்கியைத் தனியார் இறக்குமதி பண்றதை நிறுத்திட்டாங்க. அதுக்கு முந்தி வந்த ரிவால்வர், பிஸ்டலுக்குத்தான் லட்சக்கணக்குல விலை. நீளத் துப்பாக்கியிலயும் பெரிய கம்பெனி பேரு, பெட்டி, தேயாத வேலைப்பாடு இருந்தா ஆசைப்பட்டு வாங்க ஆள் உண்டு. இது அந்த ரகம் இல்ல. இன்னொண்ணு, 2019-ல சட்டத்தை மாத்தினாங்க. ஒருத்தர் மூணு வச்சுக்கலாம்னு இருந்தது ரெண்டு ஆயிடுச்சு. மூணாவதைக் கொண்டாந்து போட்டவங்க எத்தனை பேர் தெரியுமா?" என்று பின்னால் இருந்த இரும்பு அலமாரியைக் காட்டினார்.

அம்மா அசரவில்லை. "குடகுல இருக்கிறவங்களுக்கு லைசென்ஸே வேண்டாமாமே. பண்டிகைக்குத் துப்பாக்கிக்குப் பூ வச்சுக் கும்பிடுறாங்கன்னு பத்திரிகையில படிச்சேன். அவங்களுக்குக் குடுங்க."

இதற்குத்தான் அவர் முதல்முறையாகச் சிரித்தார். "அவங்க வீட்டுல இதைவிட நல்லதா இருக்கும்மா. சரி, பத்து."

"ரெண்டு குதிரையும் அசலு. மாத்தாதது. எங்க மாமனார் கை வச்சதுக்கு அப்புறம் வேற யாரும் கழட்டினதில்லை."

குழலுக்கு வெளியே தெரியும் அந்தச் சுத்தியல் மாதிரியான பாகத்தைத்தான் குதிரை என்பார்கள். அவர் இரண்டையும் இழுத்துப் பார்த்தார். 'டிக், டிக்.' ஒரே மாதிரி இரண்டு சத்தம். "ஆமா, அது நல்லாத்தான் இருக்கு. பன்னெண்டு. அதுக்கு மேல எனக்குக் கட்டாது."

அம்மா தன் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். எழுந்தாள். "வாடி, போலாம்." வாசல் வரை போய்ச் செருப்பை மாட்டினாள்.

பின்னாலிருந்து யாரும் கூப்பிடவில்லை.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. புடவைக் கடையில் நாம் எழுந்து போனால் நம் காசும் நம்மோடு போய்விடும். இங்கே எங்கள் பொருள் அவர் அலமாரியில் இருக்கிறது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் பத்தடி நடக்க எங்களுக்கு உரிமை இல்லை. இன்னொரு கடைக்கு மாற்ற மறுபடியும் கடிதம், மறுபடியும் அலைச்சல். கெடுவோ ஓடிக்கொண்டிருக்கிறது. அவருக்கும் அது தெரியும். அம்மாவுக்கும் தெரிந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை.

"பையைக் குடுடி" என்றாள் என்னிடம்.

வீட்டிலிருந்து ஒரு தோல்பை கொண்டு வந்திருந்தோம். துரையிடமிருந்து துப்பாக்கியோடு வந்த தோட்டாப் பை. வெறும் பை. கொசுறாகச் சேர்த்து விலையை ஏற்றலாம் என்பது அம்மாவின் கணக்கு. கடைக்காரர் கண்ணில் முதல்முறையாக ஓர் ஆசை தெரிந்தது. "இதை முதல்லயே காட்டியிருக்கலாமே. தையல் பிரியாம இருக்கே. துப்பாக்கியைவிட இதுக்குத்தான் சில பேர் அலைவாங்க. உள்ளே கிழிஞ்சிருக்கான்னு பாருங்க."

நான் பையைத் திறந்து உள்ளே கைவிட்டேன். பக்கவாட்டு அறையில் ஒரு மடித்த காகிதம். ஏதோ ரசீது என்று நினைத்துப் பிரித்தேன்.

மதுரையிலேயே இருந்த வேறொரு கடையின் சீட்டு. அந்தக் கடை இப்போது இல்லை. தேதி 1996 ஜூன். பேனாவில் எழுதியிருந்தது.

'12 போர் டி.பி.பி.எல்., பெல்ஜியம் மேக். மதிப்பு ரூ.2,500. பழைய முறுக்குக் குழல். இப்போதைய தோட்டா உபயோகிக்க வேண்டாம்.'

நான் அதை அம்மாவிடம் நீட்டினேன். அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு மெதுவாக, உதடு அசையப் படித்தாள்.

நான் கடைக்காரரைக் கேட்டேன். "சார், இதுல இப்ப வர்ற தோட்டா போட்டுச் சுட்டா என்ன ஆகும்?"

"ஐயோ, அந்தத் தப்பைப் பண்ணாதீங்க. இந்த மாதிரிக் குழல் கரிமருந்துக் காலத்துது. இப்போ வர்றது புகையில்லா மருந்து. அதோட அழுத்தம் வேற. குழல் வெடிச்சாலும் வெடிச்சுடும். ஏம்மா, சமீபத்துல யாராச்சும் சுட்டாங்களா?"

"இல்ல" என்றாள் அம்மா. "ரொம்ப வருஷமாச் சுடலை. தோட்டா விலை ஏறிப்போச்சுன்னு பட்டாசுதான் வெடிப்பாரு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா பட்டாசுக்கு மாறியது நான் கல்லூரிக்குப் போன வருடம்.

யாரும் கெஞ்சவில்லை. பதினெட்டாயிரம் தருவதாக யாரும் சொல்லவில்லை. மகள் படிப்புக்காகத் தன் அப்பாவின் துப்பாக்கியை விற்கத்தான் போயிருக்கிறார். போன இடத்தில் அது லண்டனும் இல்லை, லட்சமும் இல்லை, சுடவும் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கடைசி பஸ்ஸில் தேனிக்குத் திரும்பி வரும்போது, ஏமாந்தவனாக வீட்டுக்குள் நுழைவதைவிடப் பிடிவாதக்காரனாக நுழைவது மேல் என்று தோன்றியிருக்கும். அதன்பிறகு இருபத்தைந்து வருடம் கட்டணம் கட்டி லைசென்ஸைப் புதுப்பித்தார். ஒவ்வொரு தேர்தலுக்கும் சாக்கில் சுற்றி ஸ்டேஷனுக்கு எடுத்துப் போனார். விருந்தாளிகளிடம் 'லண்டன்' என்று தடவிக் காட்டினார். அம்மாவின் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக்கொண்டார். இதையெல்லாம் நான் அந்தக் கடை நாற்காலியில் உட்கார்ந்தபடியே கூட்டிப் பார்த்தேன். அந்தச் சீட்டை அவர் ஏன் கிழித்துப் போடவில்லை என்பது மட்டும் இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை.

அம்மா சீட்டை நாலாக மடித்துத் தன் சுருக்குப் பையில் வைத்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பையோட சேர்த்துப் பதினெட்டாயிரம் குடுங்க தம்பி."

"பதினைஞ்சு தர்றேன்மா. பைக்காகத்தான் இதுவே."

"பதினெட்டு."

"சரி, பதினாறு."

"பதினெட்டு."

"பதினேழு. இதுக்கு மேல போனா நான் கையிலிருந்துதான் போடணும். நிஜமாச் சொல்றேன்."

"இருபதுன்னு நான் கேக்கலையே தம்பி. லட்சம் கேட்டவ பதினெட்டுக்கு வந்திருக்கேன். அதுல ஒரு ரூபா கொறைஞ்சாலும் வேண்டாம். கெடு முடிஞ்சு கவர்மெண்டுக்குப் போனாப் போகட்டும்."

இந்த முறை அவள் எழுந்திருக்கவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. இத்தனை வருடத்தில் அவள் பேசிய எல்லாப் பேரத்திலும், இனி இறங்க மாட்டாள் என்று எனக்கே நிச்சயமாகத் தெரிந்தது இது ஒன்றில்தான். கடைக்காரர் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆயிரம் ரூபாய்க்காக ஒரு வயதான அம்மா இப்படி நிற்பாளா என்று யோசித்திருப்பார். என்ன புரிந்ததோ தெரியாது. கையெழுத்து வாங்கும் ரிஜிஸ்டரை எடுத்துத் திறந்தார்.

"பதினெட்டே இருக்கட்டும்மா."

தோல்பையை மேஜையில் வைக்கும் முன் அம்மா அதைச் சேலைத் தலைப்பால் ஒருமுறை துடைத்தாள். "தேய்க்காதீங்கம்மா" என்றார் அவர். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். உசிலம்பட்டி தாண்டும்வரை பேச்சில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாம்ல? சொன்னா நான் என்ன, திட்டவா போறேன்?" என்றாள் திடீரென்று.

நான் ஒன்றும் சொல்லவில்லை.

சற்று நேரம் கழித்து அவளே சொன்னாள். "திட்டியிருப்பேன்தான்."

அன்று பவுன் விலை முப்பத்தெட்டாயிரத்துக்குப் பக்கம். அந்தப் பதினெட்டாயிரத்துக்கு அரைப் பவுன்கூட வராது. ஆறு பவுன் வளையலுக்கு அது எந்த விதத்திலும் ஈடு இல்லை. பணத்தை எண்ணிப் பார்க்காமலே சுருக்குப் பையில் போட்டிருந்தாள், அந்தச் சீட்டோடு.

ஆண்டிபட்டி வரும்போது தம்பி போன் செய்தான். பஸ் சத்தத்தில் அவன் பேசியது எனக்கே கேட்டது.

"என்னம்மா, துப்பாக்கி எவ்வளவுக்குப் போச்சு?"

"பதினெட்டாயிரத்துக்கு" என்றாள் அம்மா. "உங்கப்பா அன்னிக்குச் சொன்ன விலைக்கே போச்சுடா."